எருக்கங்காட்டில் இருபது தலைப்பாகை

இராசகம்பீர மகாராஜாவுக்கு ஒரு தீராத மனக்குறை. அந்தக் காலத்தில் ராஜ்யத்தின் ஒவ்வொரு பிரிவையும் நாடு என்பார்கள். பக்கத்து ராஜாவிடம் முப்பது நாடு, இவரிடம் பத்துதான். வெளியே தலைகாட்ட முடியுமா, சொல்லுங்கள்!

"எருக்கங்காட்டுச் சீமை சும்மாதானே கிடக்கிறது?" என்றார் மகாராஜா.

"குறுக்கே நடந்தால் ஏழு நாள் தூரம். இருபது நாடு பிரிக்கலாம்," என்றார் தளவாய் வீரபத்திரர். "அதற்கு நம் மந்திரி திருமேனியை விட்டால் வேறு யார்?"

திருமேனி தளவாயைத் திரும்பிப் பார்த்தான். ஏழு நாள் நடந்தாலும் அந்தச் சீமையில் ஆடு மேய்க்கும் மொக்கையனும் அவன் மனைவி ஒச்சம்மாளும்தான் குடி. அது தளவாய்க்கும் தெரியும். தெரிந்துதானே அவனை மாட்டிவிட்டார்!

தலைப்பாகை கட்டினால்தான் ஒருவன் நாட்டாண்மை என்பது அங்கே வழக்கம்.

"இருபது நாட்டுக்கும் இருபது தலைப்பாகை கட்டிவிட்டு வா," என்றார் மகாராஜா. "ஒன்று குறைந்தாலும் உன் தலைப்பாகையும் பதவியும் தளவாய்க்கு!"

திருமேனி போனான். சீமையைப் பூசணிக் கீற்றுப் போலப் பிரித்தான். இருபது கீற்றின் முனையும் மொக்கையனின் ஆட்டுப்பட்டியில் வந்து கூடின. பட்டியைச் சுற்றி எல்லைக்கல் நட்டான்.

அடுத்த மாதம் மகாராஜா பல்லக்கில் வந்தார், தளவாயும் கூடவே. முதல் கல்லருகே சிவப்புத் தலைப்பாகை கும்பிட்டது. இரண்டாவதில் பச்சை. மூன்றாவதில் மஞ்சள் நின்றது, மூச்சிரைக்க.

"ஏய், உன்னை இப்போதுதானே அங்கே பார்த்தேன்?" என்றார் மகாராஜா.

"அது செவப்புத் தலப்பாக்காரன் சாமி. அவன் பேச்சையே எடுக்காதீக! எல்லைக்கல்ல என் பக்கம் தள்ளி நட்டுட்டான். அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது."

"அந்தப் பச்சை?"

"தங்கமான மனுசன் சாமி. பொண்டாட்டிதான் வாயாடி."

"யாருய்யா வாயாடி?" என்று புதருக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தாள் ஒச்சம்மாள். அவள் கையில் ஒரு கூடை நிறையத் தலைப்பாகைகள்.

"மோசடி!" என்று குதித்தார் தளவாய்.

"திருமேனி! இருபது நாட்டுக்கும் ஒரே ஆளா?" என்றார் மகாராஜா.

"மகாராஜா, தலைப்பாகை இருபது என்று சொன்னீர்கள், கட்டிவிட்டேன். தலை இருபது என்று சொல்லவே இல்லையே!"

மகாராஜா முறைத்துப் பார்த்தார். அப்புறம் பல்லக்கே ஆடும்படி சிரித்தார். தளவாயின் சரிகைத் தலைப்பாகையைக் கழற்றித் திருமேனிக்குச் சூட்டினார்.

"இருபதும் வேண்டாம். இனி எருக்கங்காடு ஒரே நாடு!"

மொக்கையன் மஞ்சள் தலைப்பாகையை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"அப்படின்னா சாமி, அந்தச் செவப்புத் தலப்பாக்காரன்கிட்ட இனிமே நான் பேசலாமா?"