கால் கழுவின தண்ணீர்

பழைய வீட்டை வாங்கி, பழுது பார்த்து, நல்ல விலைக்குத் தள்ளிவிடுகிற தொழிலில் கோவில்பட்டிக்கே குரு ஜெயக்கொடி. அவளுக்குச் சீடன் அவளைவிட மூத்தவன், சுடலைமுத்து. மிளகாய் மண்டியில் அடிபட்டு, பேரம் பேசிப் பேசியே ஆளானவன். பேச்சுக்கு முன்னால் கோபம் வந்து நிற்கும்.

மண்டிப் பங்கை விற்று முதல் வீட்டை வாங்கிப் போட்டிருந்தான். ஆடி பிறந்துவிட்டால் எவனும் வீடு வாங்க மாட்டான். அதற்கு மேல் இழுத்துப் பிடிக்க இவனிடம் தெம்பில்லை. விற்காவிட்டால் மச்சான் கடையில் போய்த் தராசு பிடிக்க வேண்டியதுதான். மச்சான் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருந்தான்.

குருவை அழைத்துப்போய் வீட்டைக் காட்டினான். ஜெயக்கொடி வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"எதுக்குத் தாயி? விக்கிற வீடுதானே," என்று சுடலைமுத்து செருப்புக் காலோடு முன்னால் நடந்தான். "ஒரே ஒரு வேலைக்குத்தான் கையில துட்டு இருக்கு. எதைச் செஞ்சா விலை ஏறும்?"

"நீங்க என்ன நினைக்கீங்க அண்ணாச்சி?"

"கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங். உள்ளே கலர் கலரா விளக்கு. வாறவன் அப்படியே வாயைப் பொளக்கணும்!"

ஜெயக்கொடி பின்வாசலில் கால் கழுவுகிற இடத்துக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் கொஞ்சம் நின்றது. பிறகு சாக்கடையை விட்டுவிட்டுக் கதவு நிலைப்பக்கம் திரும்பியது.

"எங்க போகுது?"

"வீட்டுக்குள்ள."

செம்பை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

சுடலைமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. "தரையை ஒடைச்சு தண்ணி ஓடுற வாட்டம் சரி பண்ணினா எவன் கண்ணுக்குத் தெரியும்? தெரியாத வேலைக்கு எவன் தாயி துட்டுக் குடுப்பான்?" என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்தினான்.

அவன் சீலிங் போட்டான்.

வீடு பார்க்க மில் சூப்பர்வைசர் வெள்ளத்துரையும் அவர் மனைவி பிச்சம்மாளும் வந்தார்கள். விளக்கைப் போட்டதும் வெள்ளத்துரை வாயைப் பிளந்தார். சுடலைமுத்து விலையைச் சொன்னான். அவர் கையை உதறினார். இவன் துண்டை உதறினான். அவர் ஏறினார், இவன் இறங்கினான், ஒரு விலையில் இரண்டு பேரும் நின்றார்கள்.

வீடு பிடித்துப்போனால் சாமி அறையில் சூடம் கொளுத்திவிட்டுச் சரி சொல்வது அவர்கள் வழக்கம். பிச்சம்மாள் பின்வாசலுக்குப் போய்க் கால் கழுவிவிட்டு வந்தாள். தண்ணீரும் கூடவே வந்தது. அடுக்களையைக் கடந்து, அவள் தீக்குச்சியை உரசுவதற்குள் சாமி மாடத்தடியில் வந்து நின்றது.

பிச்சம்மாள் குனிந்து பார்த்தாள். சூடத்தைத் திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பெறவு சொல்லுதோம் அண்ணாச்சி."

"யம்மா, மேல பாருங்க! மேல!"

"மேலயா குடியிருக்கப் போறோம்?" என்றபடி செருப்பை மாட்டினாள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் சுடலைமுத்து பின்வாசலில் இருந்த தண்ணீர் வாளியை ஓர் உதை விட்டான். அது உருண்டுபோய்க் கிடந்த இடத்தில் கொட்டின தண்ணீர் மறுபடியும் வீட்டுக்குள் போயிற்று. அதன் பின்னாலேயே சாமி மாடம் வரை நடந்தான். பிறகு ஏணியைப் போட்டு, கூடத்து விளக்குகளைக் கழற்றி, வந்த விலைக்குத் தள்ளினான். அந்தக் காசில் கொத்தனாரைக் கூட்டிவந்தான். கடப்பாரையை அவனே பிடித்தான். பின்வாசல் தரை முழுக்க உடைந்தது.

சிமெண்ட் காய்ந்ததும் நேரே பிச்சம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"விலை பேச வரல. ஒரு தடவை வந்து கால் கழுவிட்டுப் போங்க."

"ஆளைப் பாரு!" என்று சிரித்தாள். ஆனாலும் வந்தாள்.

செம்பில் ஊற்றவில்லை. வாளியோடு கவிழ்த்தாள். அவ்வளவு தண்ணீரும் திரும்பிப் பார்க்காமல் சாக்கடைக்கு ஓடியது.

"விளக்கையெல்லாம் காணோமே, கொஞ்சம் குறைச்சுக்..." என்று வெள்ளத்துரை ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க," என்றாள் பிச்சம்மாள். சூடம் எரிந்தது.

ஆடி பிறப்பதற்கு முன் சாவி கைமாறியது. மச்சான் கடை வழியாகவே நடந்து, கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு சுடலைமுத்து குருவின் வீட்டுக்கு வந்தான்.

"புதுக்கிராமத்துல அடுத்த வீட்டைப் பாத்துட்டேன் தாயி. அதுல முதல் வேலை என்ன செய்யட்டும்?"

ஜெயக்கொடி ஒரு மிட்டாயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள போங்க அண்ணாச்சி."