வேலில் தொங்கிய சாவி

"சாவிய எடு குழந்தைவேலு. பொழுது சாயப் போவுது. இனிமே எங்க வரப்போறா அவ?" என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் மாசிலாமணி கத்திக்கொண்டிருந்தார். படிக்கட்டின் அடியில் நின்ற குழந்தைவேலுவாரோ, "இன்னும் சாயலீங்களே, வந்துடும்" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் அரைப் பேராகக்கூட நிற்கமாட்டார். ஆனாலும் மூன்று மாடிகளிலும் தலைகள் நீண்டுவிட்டன. அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டு வந்தவர்களும் எங்களில் உண்டு.

வீடற்றவர்களுக்கென்று நகராட்சி குறைந்த வாடகைக்கு விட்டிருந்த அந்தக் குடியிருப்பில் சாக்கடை தள்ளுவதும், படிகளைக் கூட்டுவதும் குழந்தைவேலுவாரின் பணி. வாடகை கேட்டு வாசல் வாசலாக ஏறி இறங்குவதும் அவரே. அந்த வாடகையில்தான் தண்ணீர் மோட்டார் ஓடியது. என்றாலும் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் கதவுகள் சாத்திக்கொள்ளும். யாரையும் ஏசமாட்டார். படிக்கட்டுக்கு அடியில் தாம் வைத்திருந்த சிறிய முருகனிடம் வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் உறங்குவதும் அங்கேதான். 'படிக்கட்டுச் சாமியார்' என்று பெயர் வைத்து நாங்கள் சிரித்தோம்.

காலியான வீட்டின் சாவி கைக்கு வந்தால், அதை முருகனின் வேலில் மாட்டிவிடுவது அவர் வழக்கம். உரியவர் வந்ததும் எடுத்துக் கொடுப்பார். அதுவரை அதில் யாரும் கை வைத்ததில்லை.

அன்று வேலில் தொங்கியது மூன்றாம் மாடி வீட்டின் சாவி. குலுக்கலில் அந்த வீடு செல்லக்கிளி என்ற கட்டடக் கூலிப் பெண்ணுக்கு விழுந்திருந்தது. புருஷன் இல்லை, பேருந்து நிலையத்தின் ஓரத்தில் இரண்டு பெண் பிள்ளைகளோடு கிடந்தவள். அன்று பொழுது சாய்வதற்குள் அவள் குடியேறாவிட்டால் வீடு அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர் மாசிலாமணியின் மருமகனுடையது. சொந்த ஊரில் ஓட்டு வீடு வைத்திருக்கும் அவர் பெயர் வீடற்றவர்கள் பட்டியலில் எப்படி ஏறியது என்று கேட்கும் துணிச்சல் எங்களுக்கு இல்லை.

செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்த மூத்த மகளை அழைத்துவரக் காலையிலேயே போன செல்லக்கிளியைக் காணவில்லை. குழந்தைவேலுவார் தெருமுனைக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து வழிந்தது. நான்காம் முறை அவர் தெருவுக்குப் போனபோது மாசிலாமணி வேலில் கை வைத்துச் சாவியை உருவிக்கொண்டார்.

மூன்றாம் மாடி வாசலில், மருமகன் குடியேறுவதற்கென்று மாசிலாமணி வீட்டார் கொண்டுவைத்த அடுப்பும் பாலும் தயாராக இருந்தன. பால் காய்ச்சிய குடும்பத்தை யாரும் கிளப்பமாட்டார்கள், அதிகாரிகளும் அந்தப் பாவத்துக்கு அஞ்சுவார்கள் என்பது எங்கள் குடியிருப்பின் எழுதாத சட்டம்.

திரும்பிவந்தவர் வெறும் வேலைப் பார்த்தார். மேலே ஓடுவார், காலில் விழுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் விளக்கை ஏற்றினார்.

"வீடு உன்னுது முருகா. நான் சாவிக்குத்தான் காவல். அதையும் வுட்டுட்டேன். அந்தப் புள்ளைங்க ரோட்டுல படுக்காம நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மேலே அதற்குள் கதவைத் திறந்து பாலை அடுப்பில் ஏற்றியிருந்தார்கள். பால் பொங்கவில்லை. கட்டி கட்டியாகத் திரிந்து நின்றது. சித்திரை வெயிலில் காலையிலிருந்து ஜன்னலில் கிடந்த பால் வேறு என்ன செய்யும் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். இருக்கட்டும். அந்த ஜன்னலில் கொண்டுபோய் வைக்கச் சொன்னது யார் என்று பதிலுக்குக் கேட்டவர்களும் உண்டு.

மாசிலாமணியின் மனைவி குணவதி அம்மாள் முகம் வெளுத்துப்போனார். புருஷனை எதிர்த்து அவர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. "பால் திரிஞ்ச வூட்டுல எம் பொண்ணு கால் வெக்க மாட்டா. சாமி மேலேர்ந்து உருவிட்டு வந்தீங்களே, சாவிய குடுங்க" என்றார்.

சாவியோடு அவர் கீழே இறங்கிவரும்போது, பழுதான பேருந்திலிருந்து இறங்கி நடந்தே வந்த செல்லக்கிளி பிள்ளைகளோடு வாசலில் நின்றாள். மேற்கே இன்னும் சிறிது சிவப்பு மிச்சமிருந்தது. குணவதி அம்மாள் சாவியை வேலில் மாட்டிவிட்டு, குழந்தைவேலுவார் முன் கை நீட்டி, "திருநீறு குடுங்க சாமி" என்றார். அதுவரை கேலிக்கே வழங்கிய சொல், அன்று வேறு குரலில் ஒலித்தது.

செல்லக்கிளியிடம் பால் வாங்கக் காசில்லை. முருகனுக்கு வைத்திருந்த கிண்ணப் பாலை அடியார் கொடுத்தார். அது கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. முருகன் தன் காவற்காரனை அறிந்திருந்தான், நாங்கள்தான் அறியவில்லை. சாவி பறிபோன நேரத்திலும் விளக்கேற்ற மறவாத அந்த அன்பு பெரிது.

மாசிலாமணி ஆவணியில் வீட்டைக் காலி செய்து, மருமகனின் ஓட்டு வீட்டுக்கே குடிபோனார். செல்லக்கிளியின் மூத்த மகளை, தண்ணீர் மோட்டார் பழுது பார்க்க வந்த பையன் தையில் கட்டிக்கொண்டான். அவன் அவ்வளவு அடிக்கடி வந்ததற்கு மோட்டார் மட்டும் காரணமில்லை என்பது எங்களுக்கு முன்பே தெரியும்.