ஒச்சப்பன் வைக்கோல்போர் பக்கத்தில் முளைத்த மரம்

கோணமேட்டுப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அது ஒன்றுதான் அவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம்.

போன கோடையில் மலையில் பிடித்த காட்டுத்தீ ஊர் எல்லை வரை இறங்கி வந்து, ஒச்சப்பனின் வைக்கோல்போரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. ஊர் மாடுகளுக்கெல்லாம் அந்த ஒரு போர்தான் தீனி. இந்த வருஷம் தீத்தடுப்புக் கோடு போட்டே ஆகணும் என்று வனத்துறை ரேஞ்சர் அம்மாவிடம் போய் நின்றார்கள். கோடு என்றால் கோலமாவில் போடுவதில்லை. தீ தாண்ட முடியாதபடி செடிகொடியைச் செதுக்கி, நீளத்துக்கு வெறுந்தரையாக விடுவது.

"போட்டுடலாம்," என்றார் ரேஞ்சர் அம்மா. "வியாழக்கிழமை ஒரு குட்டி விமானம் வரும். மேலே இருந்து லேசர் வெளிச்சத்தை விடும். அது இலையில, கிளையில, தரையில பட்டுத் திரும்பும். திரும்புற நேரத்தை வச்சு எந்த மரம் எவ்வளவு உசரம், தழை எவ்வளவு அடர்த்தின்னு கம்ப்யூட்டர் சொல்லிடும். தீ எந்த வழியா வரும்னும் தெரிஞ்சிடும். அங்கே கோடு போடுவோம். அதுவரைக்கும் காடு இப்போ எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். எதுவும் மாறக் கூடாது."

மறுநாள் காலையிலேயே ஒரு தேக்கிலை விழுந்தது.

ஊர்த்தலைவர் கட்டாரி அதைக் கையில் ஏந்திக்கொண்டு பஞ்சாயத்தைக் கூட்டினார்.

"நேத்து இது மேலே இருந்துச்சா, கீழே இருந்துச்சா?"

"மேலே."

"அப்ப மாறிடுச்சே!"

ஊரே வாழைநாரோடு காட்டுக்குள் போனது. விழுந்த இலைகளை எல்லாம் திரும்பக் கட்டினார்கள். ஒன்றைக் கட்டி இறங்குவதற்குள் ஒரு கூடை விழுந்தது. கோடைக்காலத்துத் தேக்கு வேறென்ன செய்யும்? நார் தீர்ந்ததும் பிள்ளைகளின் அரைஞாண் கயிற்றைக்கூட அவிழ்த்தார்கள். பிள்ளைகள் கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்தன.

புதன்கிழமை சாயங்காலம் காற்றடித்து, காட்டோரத்தில் நின்ற பட்டமரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. அதன் உச்சிக்கொம்பு ஒச்சப்பனின் வைக்கோல்போர் பக்கத்தில் வந்து கிடந்தது.

ஒச்சப்பன் கட்டாரியிடம் ஓடினான். "காடு மாறிடுச்சுன்னா கோடு போட மாட்டாங்களே! கோடு இல்லேன்னா என் போரு போச்சே!"

"அழாதப்பா. மரத்துக்குப் பதிலா ஆளு நின்னாப் போச்சு," என்றார் கட்டாரி.

அடியில் மொக்கையன் நின்றான். ஊரிலேயே கனத்த உடம்பு அவனுக்குத்தான். அவன் தோளில் நல்லுச்சாமி. நல்லுச்சாமி தோளில் ஒல்லிக்குச்சி சுருளி, இரண்டு கையிலும் காய்ந்த கொம்பு.

"எந்த இடத்துல நிக்கிறது?"

"மரம் எங்கே கிடக்குதோ அங்கே."

வேர்ப்பக்கம் பள்ளமாக இருந்தது. உச்சிப்பக்கம் நல்ல சமதரை. வைக்கோல்போரை ஒட்டி அங்கேயே நின்றார்கள். வியாழக்கிழமை விமானம் வந்தது.

"டேய் சுருளி, மூக்கு அரிக்குதுடா," என்றான் மொக்கையன்.

"மரம் பேசாது. வாயை மூடு."

"நீ மட்டும் பேசுறே?"

"நான் கிளை. கிளை சலசலக்கும்."

சில நாள் கழித்து ரேஞ்சர் அம்மா ஜீப்பில் படத்தோடு ஊர்ச்சாவடிக்கு வந்தார்.

"காடு நல்லாப் பதிஞ்சிருக்கு. ஆனா படத்துல இந்த வைக்கோல்போரை ஒட்டி ஒரு மரம் நிக்குது பாருங்க, இதுதான் ஆபத்து. தீ காட்டுல இருந்து இதுக்குத் தாவும், இதுல இருந்து போருக்குத் தாவும். முதல்ல இதை வெட்டுங்க. வெட்டினாத்தான் கோடு போட ஆள் அனுப்புவேன். காட்டுக்குள்ள ஒரு சுத்துப் போயிட்டு வர்றேன்."

ஜீப் போனதும் ஊர் மொத்தமும் அந்த மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தது.

ஒச்சப்பன் மொக்கையனின் கையைப் பிடித்துக்கொண்டான். "மாப்ளே, மாடுங்க முகத்தை நினைச்சுப் பாரு."

"நினைச்சுட்டேன் மாமா. இருந்தாலும் வலிக்குமே?"

"நிக்காத மரத்தை எப்படி வெட்டுறது? முதல்ல ஏறி நில்லுங்கடா!" என்று அதட்டினார் கட்டாரி.

நின்றார்கள். கட்டாரி கோடாரிக் காம்பால் மொக்கையனின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டினார். போருக்குப் பின்பக்கம் தொப்பென்று சாய்ந்தது மரம். நின்ற வரிசை கலையாமல் மூவரும் கிடந்தார்கள்.

திரும்பி வந்த ரேஞ்சர் அம்மா ஜீப்பில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். "வெட்டியாச்சா?"

"போருக்குப் பின்னால விழுந்து கிடக்குதும்மா."

"நல்லது. நாளைக்கே கோடு போட ஆள் வரும்." ஒச்சப்பன் தரையில் விழுந்து கும்பிட்டான். "ஆனா ஒண்ணு. வெட்டின மரம் சர்க்காருக்குச் சொந்தம். சின்னக் கட்டையா இருந்தா வீட்டுக்கு எடுத்துக்கலாம். பெரிய கட்டையில யாரும் கை வைக்கக் கூடாது."

ஜீப் கிளம்பியதும் சுருளியை அவன் பெண்டாட்டி தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நல்லுச்சாமி கொஞ்சம் நடுத்தரம். ஊர் கூடிப் பேசி, சின்னக் கட்டைதான் என்று தீர்மானித்து அவன் அம்மாவிடம் ஒப்படைத்தார்கள். மொக்கையன் மட்டும் கிடந்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி பேச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டா அறுத்தா ரெண்டும் சின்னக் கட்டைதானே?" என்று படுத்தபடியே வழி சொன்னான் மொக்கையன்.

பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கட்டாரி அண்ணே, அப்படி அறுக்கிறதா இருந்தா வேலை செய்யுற பாதியை எனக்குக் கொடுத்துடுங்க. சாப்பிடுற பாதியைச் சர்க்காரே வச்சுக்கட்டும்."

கட்டாரி கயிற்றை எடுத்து மொக்கையனை அளந்தார். எப்படி அளந்தாலும் கையும் வாயும் ஒரே பாதியில் வருகிறதே என்று, பஞ்சாயத்து இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.