பிரதானியார் வாங்கிய படியரிசி

செம்பூர் நாட்டு ராஜா திருமேனியாருக்கு இளகின மனசு. ஒரு வருஷம் மழை பொய்த்துப்போக, ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கிற வீட்டுக்கெல்லாம் தினம் ஒரு படி அரிசி என்று அறிவித்துவிட்டார்.

பிரதானி ஆவுடையப்பருக்கு வயிறு எரிந்தது. பிள்ளையை இரவல் வாங்கி வந்து ஏமாற்றுவார்களாம்! அதனால் ஒரு சட்டம் போட்டார். அப்பன், ஆத்தாள், பிள்ளை மூன்று பேரும் தினமும் விடியற்காலையிலேயே களஞ்சியத்துக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். அளப்பதோ உச்சி சாய்ந்த பிறகு.

அடுத்த வருஷம் மழை கொட்டியது. வயலெல்லாம் நடவு. வரிசை மட்டும் குறையவில்லை.

"பார்த்தீர்களா மகராஜா!" என்றார் பிரதானி. "நாட்டில் இவ்வளவு வேலை கிடக்கிறது, இதுகள் அப்பனும் ஆத்தாளுமாக வேப்பமரத்தடியில் தூங்குகின்றன. ஓசி அரிசியை நிறுத்துங்கள், தானாக வேலைக்குப் போவார்கள்."

சேதி கேட்டு, இடுப்பில் பிள்ளையோடு ஓடிவந்தாள் சடைச்சி என்ற நடவுக்காரி.

"சாமி, நடவுக்கு விடியுமுன்னயே ஆள் எடுத்திருவாக. நாங்க ரெண்டு பேரும் இங்க நின்னா, எந்த வயல்ல எங்களைச் சேப்பாக? கூலி வர்றதுக்குள்ள அரிசியையும் நிறுத்திப்புட்டா இந்தப் பிள்ளை என்னத்தத் தின்னும்?"

"சாக்கு! எல்லாம் சாக்கு!" என்று கத்தினார் பிரதானி.

ராஜா தாடையைச் சொறிந்தார். விகடகவி குப்பாண்டி எழுந்தான். சும்மா இருக்கிற ஆளா அவன்?

"நிறுத்த வேண்டியதுதான் மகராஜா. நாலு நாள் பொறுங்கள். அதற்குள் ஒரு குறையைத் தீர்க்க வேண்டும். பிரதானியார் வீட்டிலும் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறதே! ராஜா கொடுக்கிற அரிசியை இவர் இதுவரை வாங்கவில்லை. கேவலம் என்று நினைக்கிறாரோ என்னவோ!"

"ஐயையோ! ராஜா கை அரிசி எனக்குப் பிரசாதமல்லவா!" என்று பதறினார் பிரதானி.

"அப்படியானால் நாளை முதல் வாங்கும். சட்டம் உம்முடையது, நீரே மீறக்கூடாது" என்றார் ராஜா.

முதல் நாள் பட்டுத் துண்டோடு வந்து நின்றார் பிரதானி. பிள்ளை தோளில் ஏறி, அந்தத் துண்டிலேயே மூத்திரம் பெய்தது. "உங்க சட்டத்துல இடி விழ!" என்றாள் அவர் சம்சாரம், ஊரே கேட்க. இரண்டாம் நாள் கால் கடுத்தது. மூன்றாம் நாள் பக்கத்து நாட்டுத் தூதர் வந்து காத்திருக்க, சபையில் பிரதானியின் ஆசனம் காலி.

"எங்கே அந்த ஆள்?" என்று சீறினார் ராஜா.

குப்பாண்டி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "சொல்லவே கஷ்டமாக இருக்கிறது மகராஜா. ஓசி அரிசி ருசி கண்டுவிட்டார். மூன்று நாளாக வேலைக்கே வரவில்லை. வேப்பமரத்தடியில் தூக்கம்."

ராஜா நேரே களஞ்சியத்துக்கு நடந்தார். வாஸ்தவம்தான். வேப்பமரத்தடியில், பிள்ளை வயிற்றின் மேல் கிடக்க, பிரதானியார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"சோம்பேறி!"

பிரதானி துள்ளி எழுந்தார். "மகராஜா, நான் சோம்பேறி இல்லை! விடியற்காலை முதல் நிற்கிறேன். வரிசையை விட்டால் அரிசி போச்சு. உச்சி சாய்ந்துதான் அளக்கிறார்கள். இங்கே நின்றுகொண்டு வேலைக்கு எப்படி வருவது? நீங்களே சொல்லுங்கள்!"

ராஜாவுக்கு உறைத்தது. அவமானமாகவும் இருந்தது. அன்றே சட்டம் மாறியது. வாரத்துக்கு ஒரு நாள், நடவுக்காரர்கள் கரையேறிய பிறகு, சாயங்காலம், வீட்டில் யாராவது ஒருவர் வந்தால் போதும். மறுநாள் விடியுமுன்னே சடைச்சி புருஷனோடு வயலில் இறங்கிவிட்டாள்.

ராஜா தன் கை மோதிரத்தைக் கழற்றிக் குப்பாண்டிக்குப் போட்டார். "ஏனப்பா, இதை அன்றைக்கே சபையில் நேராகச் சொல்லியிருக்கலாமே?"

"சடைச்சி நேராகத்தானே சொன்னாள் மகராஜா? அவள் சொன்னால் அது சாக்கு. பிரதானியார் சொன்னால்தான் காரணம்!"