இழுத்து மாட்டிய ஹோஸ்

"ரெண்டு தடவை நானே மாட்டினேன். ரெண்டு தடவையும் பிஞ்சு போச்சு. ஹோஸ்தான் மட்டம்."

ஏகாம்பரம் கையில் கிழிந்த பவர் ஸ்டீயரிங் ஹோஸ், எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய். பிசுக்கு ஒட்டியிருந்தது. ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர்.

ஆம்பூரில் பட்டறை நடத்தும் பர்வீனுக்கு அவர் வயதில் பாதி இருக்கும். ஹோஸை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"கடைசியா எங்க பிஞ்சுது, சார்?"

"ஏலகிரி இறக்கத்துல. ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. வளைவுச் சுவத்துல உரசித்தான் நின்னுது. பக்கத்துல என் சம்சாரம் திலகா."

"அடி பட்டுச்சா?"

"இல்ல. ஆனா நாலு மாசமா இந்தக் கார்ல ஏற மாட்டேங்கிறா. சரியா மாட்ட எனக்குக் கத்துக் குடும்மா."

பர்வீன் புது ஹோஸை நீட்டினாள்.

"மாட்டுங்க."

"எப்படின்னு சொல்ல மாட்டியா?"

"முதல்ல மாட்டுங்க."

ஒரு மணி நேரம் ஆனது. நூல் பிடித்த மாதிரி நேராக, விறைப்பாக மாட்டினார். துணியால் துடைத்தும் விட்டார்.

"பாரு. எங்கயாவது குறை சொல்ல முடியுமா?"

அவள் காரில் ஏறி இன்ஜினை ஓடவிட்டாள்.

"ஓரமா நில்லுங்க. ஹோஸை மட்டும் பாருங்க."

பிரேக்கை அழுத்திக்கொண்டு கியர் போட்டு, கிளட்ச்சை லேசாக விட்டாள். இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. ஹோஸ் இரண்டு முனையிலும் வெடுக்கென்று இழுபட்டது.

ஏகாம்பரம் இன்னும் கிட்டப் போய்க் குனிந்தார்.

"இன்ஜின் அசையுதே."

"ஆமா."

"எப்பவுமேவா?"

"ஓடுற இன்ஜின் அசையாம எப்படி சார் இருக்கும்?"

கழற்றி மறுபடியும் மாட்டினார். இந்த முறை கொஞ்சம் தளரவிட்டார். சூடான பைப்பில் படாமல் விலக்கி வைத்தார். பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

"தொங்குதேம்மா."

"தொங்கட்டும்."

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீ ஒரு வார்த்தை திலகாகிட்ட சொல்லு. இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு. நான் தினமும் சொல்றேன், நம்ப மாட்டேங்கிறா."

"நான் அப்படியெல்லாம் சொல்றதில்ல சார். நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

"கார்லதான் ஏற மாட்டாளே!"

"கார் இங்க இருக்கு. பஸ்ல வாங்க."

மறுநாள் காரின் முன் சக்கரங்கள் இரண்டும் ஜாக்கியில் தரையைத் தொடாமல் உயர்ந்து நின்றன. பஸ்ஸில் வந்திறங்கிய திலகாவைப் பர்வீன் ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்தாள். இன்ஜின் ஓடவில்லை.

"புது ஆயில்ல காத்து சிக்கியிருக்கும்மா. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்புங்க."

"எவ்வளவு நேரம்?"

"காத்து வெளியே வர்ற வரைக்கும்."

திறந்த பானெட்டுக்குள் எண்ணெய் டப்பாவில் குமிழிகள் வந்தன. ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார்.

"வேகமாத் திருப்பு, திலகா. பயப்படாத, ஒண்ணும்..."

பர்வீன் அவர் கையில் டார்ச்சைக் கொடுத்தாள்.

"நீங்க குமிழியைப் பாருங்க சார்."

அவர் பார்த்தார். ஸ்டீயரிங் இடது பக்கம் போனது. வலது பக்கம் வந்தது. குமிழிகள் மெல்லக் குறைந்தன.

உள்ளிருந்து திலகாவின் குரல் வந்தது.

"அன்னைக்கு அந்த வளைவுல நீங்க பயந்தீங்களா?"

வீட்டில் இதே கேள்வியை அவள் இரண்டு முறை கேட்டிருந்தாள். இரண்டு முறையும் "சேச்சே" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தார்.

ஏகாம்பரம் டார்ச்சைக் குமிழிகள் மேலேயே பிடித்திருந்தார்.

"பயந்தேன். உன்னைக் கொன்னுட்டேன்னு நெனச்சேன்."

ஸ்டீயரிங் நின்றது.

பர்வீன் ஜாக்கியை இறக்கினாள்.

திலகா கீழே இறங்கினாள். காரைச் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"மெதுவா ஓட்டுங்க" என்றாள்.