களஞ்சியக் கதவின் கொக்கி

காவிரிக் கரை ஊர் ஒன்றில் பழங்காலத்து நெற்களஞ்சியம் ஒன்று உண்டு. 'பாதுகாக்கப்பட்ட கட்டடம். சேதப்படுத்தினால் சிறை' என்று வாசலில் பலகை. அதைக் கூட்டிப் பெருக்கிக் காவல் காப்பவள் அஞ்சம்மாள்.

காற்றடித்தால் களஞ்சியக் கதவு அறைந்து சாத்திக்கொள்ளும், வெளித் தாழ்ப்பாள் தானே விழுந்து இறுகும். அதனால் கதவைச் சுவரோடு பிடித்து நிறுத்த ஒரு கொக்கி அடித்திருந்தாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி வைகுந்தநாதன் அதைப் பார்த்துக் குதித்தார்.

"யாரைக் கேட்டு அடிச்சே? வேலை வேணும்னா உடனே பிடுங்கு! உள்ளது உள்ளபடி இருக்கணும். கொக்கி வேணும்னா சென்னைக்கு எழுதிப் போடு, பதில் வரும்."

"காத்துக் காலம் ஐயா..."

"பிடுங்குன்னா பிடுங்கு!"

பிடுங்கினாள். அவர் மிடுக்காக உள்ளே போனார். வீசிய காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது; வெளித் தாழ்ப்பாளும் விழுந்து இறுகியது.

"அஞ்சம்மா! கடப்பாறையால நெம்பு!"

"நெம்பினா கதவு சேதமாகும் ஐயா. ஜெயில்னு பலகையில போட்டிருக்கு."

"நான் சொல்றேன், நெம்பு!"

"சென்னைக்கு எழுதிப் போடுறேன். பதில் வரும்."

வெளியே கூடிய ஊர்ச்சனம் சிரித்தது. உள்ளே வௌவால்கள் சிறகடித்தன.

"கொக்கியை அடிச்சுக்கோ தாயே! நான் பொறுப்பு! திறந்து விடு!" என்று அலறினார் அதிகாரி.

அஞ்சம்மாள் கதவைத் தோளால் ஒரு முட்டு முட்டி, தாழ்ப்பாளை விரலால் தூக்கினாள். அது லேசாக எழும்பியது.

"இவ்வளவுதானா? அப்பவே திறந்திருக்கலாமே!"

"திறந்திருக்கலாம்தான் ஐயா. ஆனா அப்பவே திறந்திருந்தா, கொக்கிக்கான பதில் சென்னையிலேருந்தில்ல வந்திருக்கணும்?" என்றபடி அவள் சுத்தியலை எடுத்தாள்.