மணி என்னக்கா?

“மிஸ், மணியை இங்கிலீஷ்ல சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்த மணியே போயிருதே!” என்றாள் செண்பகவல்லி.

கோவில்பட்டியில் ஒரு செல்போன் கடை. அதன் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. சொல்லிக்கொடுக்கிற ஷெர்லின் மிஸ்ஸுக்கு இருபத்துமூணு வயசு. படிக்கிற செண்பகவல்லிக்கு நாற்பது.

நாலு மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம்.

போன தடவை அங்கே இங்கிலீஷில் மணி கேட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்தபடி மரம் மாதிரி நின்றாள். “நீங்க போலாம்மா” என்றுவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ரெண்டாவது வாய்ப்பு இது. மூணாவது கிடையாது.

“இப்ப மணி என்னக்கா?” என்றாள் மிஸ்.

செண்பகவல்லி சுவரைப் பார்த்தாள். மூணரை.

“இட்ஸ்... த்ரீ தர்ட்டி. இல்ல, ஹாஃப் பாஸ்ட் த்ரீ. எது மிஸ் சரி?”

“ரெண்டும்.”

“எது மரியாதையா இருக்கும்?”

“மணிக்கு என்னக்கா மரியாதை?”

அவளுக்கு அது போதவில்லை. பாஸ்ட் என்றால் தாண்டினது, டு என்றால் வரப்போறது. எல்லாம் கரைத்துக் குடித்ததுதான். வாயைத் திறந்தால்தான் ஜவ்வுமிட்டாய். முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

“இப்ப?”

“இட்ஸ் ட்வென்ட்டி டு ஃபோர்!”

மூணு நாற்பது. திக்காமல் வந்துவிட்டது. முகமெல்லாம் பல்.

“சரியா மிஸ்?”

“சரி.”

மிஸ் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

காற்றுக்குத்தான் போல என்று நினைத்துக்கொண்டாள் செண்பகவல்லி. “இனி எவன் கேட்டாலும் சொல்லுவேன் மிஸ். வெள்ளைக்காரி தோத்துருவா, பாருங்க.”

அப்புறம் அவளே கேட்டாள், அவளே பதில் சொன்னாள். மெதுவாக ஒரு தடவை. வேகமாக ஒரு தடவை. சிரித்துக்கொண்டே ஒரு தடவை.

ஃபேன் நின்றது. லைட்டும் அணைந்தது.

“கரன்ட் போயிருச்சா மிஸ்?”

“நான்தான் அணைச்சேன். இப்ப மணி என்னக்கா?”

“இட்ஸ் டென் டு...”

வாய் அப்படியே நின்றது. கண் முள்ளை விட்டு நகரவில்லை.

“முழுசா சொல்லுங்கக்கா.”

“நோ டைம், மிஸ்!”

குரல் மாடிப்படியிலிருந்து வந்தது.